முதலில் சொல்ல மறுத்த மாவீரர் இருவர்

வாழ்க டூகல் மெக்கிலப்! கடல் சூழ்ந்த எங்கள் தீவின் கல்லும் முள்ளும் நிறைந்த வடகரையிலே பிறந்தவனும், அகராதி என்னும் ஆழியை அடிமணல் தெரியக் கலக்கியவனும், ஒரு சொல்லைக் கண்டால் அதன் வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் விடாதவனும், பிடுங்கிய வேரைத் திரும்ப நடத் தெரியாதவனும், மழைக்கோட்டே கவசமாக, மூக்குக்கண்ணாடியே கேடயமாக, அணைந்துபோன புகைக்குழாயே செங்கோலாக ஏந்தி நிற்பவனுமாகிய அத்தனிப்பெருந்தகையின் திருவடிகளை, அவை என்றும் நனைந்த கம்பளிக் காலுறைக்குள் கிடப்பதால் சற்றே தள்ளி நின்று வணங்கி, இக்காவியத்தைத் தொடங்குகிறேன். கலைமகளைத் துணைக்கு அழைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவளுக்கு வேறு வேலை இருக்கும், பாவம், விட்டுவிட்டேன்.

மாவீரன் ஒருவன் இருந்தால் அவனுக்கேற்ற மாற்றான் ஒருவன் வேண்டுமே! இருந்தான். தென்னெல்லையின் ஆட்டுமலைகளிலிருந்து புறப்பட்டு வந்து எங்கள் தலையில் விடிந்த நினியன் பிரிங்கிள் அவன். நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் லத்தீன் கற்பித்து, அந்த நாற்பது ஆண்டும் ஒரு பிள்ளைக்கும் லத்தீன் வந்துவிடாமல் காத்த கல்விக்காவலன். டூகலோ எங்கள் தீவு நூலகத்தின் தலைவனாக வீற்றிருந்து, புத்தகம் கேட்டு வந்தவரையெல்லாம் கேள்வி கேட்டே வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய புத்தகப்பேரரசன். இவ்விருவரும் ஓய்வு பெற்ற நாளில் ஊரார் மகிழ்ந்தார்கள். ஓய்வு பெற்றபின் இவர்களுக்கு நேரம் நிறைய இருக்கும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

டூகலின் கொள்கை எளியது. உலகத்துச் சொல்லெல்லாம் மேட்டுநிலத்துக் கேலிக் மொழியின் வயிற்றில் பிறந்தவை. மற்ற மொழிகள் எல்லாம் திருடர் கூட்டம். பிரிங்கிளின் கொள்கை அதைவிட எளியது. கேலிக் மொழியில் பிறந்தது என்று எதுவுமே கிடையாது. எல்லாம் லத்தீன்காரன் கொடுத்தது, நார்வேக் கடலோடி போட்டுவிட்டுப் போனது, அதுவும் இல்லையென்றால் தாழ்நிலத்தில் தன் தாயார் பேசிய ஸ்காட்ஸ் மொழியிலிருந்து சுட்டது. இப்படிச் சொல்கிறவன் அந்தக் கேலிக்கையே மூன்று இலக்கண நூல்களை வைத்துக்கொண்டு தலைகீழாகப் படித்திருந்தான் என்றால், அது அன்பினால் அன்று. மாற்றானின் ஆயுதக்கிடங்கை உளவு பார்ப்பதற்காக. டூகலுக்கு அது தாயின் மடியில் கிடைத்தது. எங்களில் மற்றவர்க்கெல்லாம் அம்மொழி பாட்டன்மாரோடு புதைந்துபோயிற்று. ஆகவே தீவில் அதன் மிச்சமெல்லாம் இந்த இரண்டு வாய்களில்தான் இருந்தது. போயும் போயும் இந்த இரண்டு வாய்களில்!

இவர்கள் கூடி நடத்திய பேரவைக்குச் சொல்வேர் ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர். மாதத்தின் முதல் வியாழன் பிற்பகலில், படகுத்துறைக்கு எதிரே நெட்டா கெர் நடத்தும் தேநீர்க்கடையின் சன்னலோர மேசையில் அது கூடும். ஒரு காலத்தில் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் தேனீ வளர்க்கப் போய்விட்டார். கொட்டினாலும் அவை விளக்கம் சொல்வதில்லை என்றார். பாதிரியாருக்குத் திடீரென்று எல்லா வியாழக்கிழமையும் யாரோ ஒருவர் சாகக் கிடந்தார்கள். இப்படி ஒவ்வொருவராகத் தப்பித்தார்கள்.

அக்கழகத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. ஒரு சொல் அவைக்கு வந்தால், இளையவர் முதலில் அதன் பொருளைச் சொல்ல வேண்டும். மூத்தவர் பின்னர் எழுந்து அதைத் திருத்த வேண்டும். கேட்பதற்கு நல்ல பிள்ளை போலத்தான் இருக்கிறது இந்த விதி. ஆனால் முதலில் வாய் திறந்தவன் எவனோ அவன் இளையவன். இளையவன் என்றால் பிழை செய்தவன். பிழை செய்தவன் என்றால் ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று இருவரும் நம்பினார்கள். ஊருக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. மிஸ் யூஃபீமியா பாயில் என்ற உத்தமி இருந்தவரை வண்டி ஓடியது. எண்பது வயதிலும் கடைசியாகச் சேர்ந்தவர் என்ற முறையில் இளையவராக இருக்க ஒப்புக்கொண்டு, முதலில் பொருள் சொல்லி, இருபுறமும் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். சென்ற பனிக்காலத்தில் அவரும் ஏர் நகரத்தில் இருக்கும் தங்கை மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். எஞ்சியது இருவர். டூகல் மற்றவனுக்கு மூன்று மாதம் முன்னால் பிறந்தவன். பிரிங்கிள் டூகலுக்கு மூன்று மாதம் முன்னால் கழகத்தில் சேர்ந்தவன். ஆகையால் அன்றுமுதல் கழகம் கூடும், தேநீர் குடிக்கும், வெண்ணெய் தடவிய ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியைத் தின்னும், ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்லாமல் கலையும்.

இவ்வாறிருக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டு செப்டம்பர் மாதத்து முதல் வியாழனன்று, மழை வழக்கம்போல் பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்த பிற்பகலில், அத்தேநீர்க்கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு வெர்னா சில்லர்ஸ் என்பவள் உள்ளே வந்தாள். கனடா நாட்டுக் கோதுமைச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவள், ஐம்பதைத் தாண்டியவள், டிராக்டர் ஓட்டிப் பழகிய அகன்ற கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். காலைப் படகில் வந்திருந்தாள், மாலைப் படகில் போயாக வேண்டும், மறுநாள் விமானம். தபால் நிலையத்தில் கேட்டதற்கு, வார்த்தை விஷயம் என்றால் தேநீர்க்கடையில் இரண்டு பேர் இருப்பார்கள், ஆண்டவன் உங்களுக்குத் துணை இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும்" என்று அவள் அந்தச் சன்னலோர மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள். "எங்கப்பா இந்தத் தீவுக்காரருதான். சின்ன வயசுலயே கப்பல் ஏறி அங்க வந்துட்டாரு. அவரு பேசவே மாட்டாரு. கோவம் வந்தாலும் பேச மாட்டாரு, சந்தோசம் வந்தாலும் பேச மாட்டாரு. இந்த ஊரு பாஷை ஒரு நாளும் வீட்ல பேசினதில்ல. ஆனா என்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவாரு. 'மேட்டல்'னு."

அவள் ஒரு கையைப் பையிலிருந்து எடுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கொட்டகைக் கூரையிலருந்து நான் விழுந்தப்ப சொன்னாரு. அவருக்குப் புடிக்காத ஆளக் கட்டிக்கிட்டுக் கெளம்பினேனே, அப்ப வாசல்ல நின்னு சொன்னாரு. இந்த மார்ச் மாசம் ஆஸ்பத்திரியில, கடைசியா, என் கையப் புடிச்சுக்கிட்டு அதத்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. திட்டினாரா, கொஞ்சினாரான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. உயிரோட இருந்தப்ப கேக்கத் தைரியம் வரல. அது தெரிஞ்சாப் போதும், நான் போயிடுவேன்."

நெட்டா கெர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு கண்ணு, நடுங்குற பாரு. டீ கொண்டாரேன். சரியான ஆளுங்ககிட்டதான் வந்திருக்க. மாசக்கணக்கா வாயில ஸ்கோனத் தவிர எதுவும் போகல, வரல. இன்னிக்காவது ஒரு நல்ல காரியம் பண்ணட்டும்."

கேளுங்கள் உலகத்தீரே! அவள் அச்சொல்லின் முதற்பாதியை உச்சரித்தபோதே இருவருக்கும் அதன் பொருள் தெரிந்துவிட்டது. ஐயம் இல்லை, மயக்கம் இல்லை, அகராதி புரட்ட வேண்டிய தேவையும் இல்லை. டூகலைப் பெற்றவள் அவனை அச்சொல்லால்தான் சோறுண்ண அழைத்தாள், பிரிங்கிளின் முதல் இலக்கண நூலில் அது மூன்றாம் பாடத்தில் இருந்தது. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு ஸ்கோனுக்குத் திரும்பியிருக்கலாம். சாதாரண மனிதர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். இவர்களோ மாவீரர்கள்.

"மிஸ்டர் பிரிங்கிள்" என்றான் டூகல், தலையைத் தாழ்த்தி. "விருந்தாளி கேட்டிருக்காங்க. நீங்க முதல்ல சொல்லுங்க."

"அது முறையா, மிஸ்டர் மெக்கிலப்? உங்கள வச்சுக்கிட்டு நான் வாயத் தொறக்கறதா? நீங்கதான் முதல்ல."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"சேச்சே. நீங்க சொல்லுங்க."

வெர்னா இருவரையும் பார்த்துச் சிரித்தாள். கடல் கடந்து வந்தவளுக்கு அது இந்நாட்டுப் பெரியவர்களின் மரியாதை என்று தோன்றியது. அது மரியாதை அன்று; போர்ப்பறை.

எழுந்தான் டூகல். எழுந்த வேகத்தில் மேசை ஆடிற்று, தேநீர் அலையெறிந்தது, சர்க்கரைக் கிண்ணம் தன் இடம் பெயர்ந்தது. மாற்றான் இளையவன் என்று மெய்ப்பித்துவிட்டால் அவன்தானே முதலில் சொல்லியாக வேண்டும் என்று கணக்கிட்டு, கேலிக்கின் படைக்கொட்டிலிலிருந்து முதல் அம்பை உருவினான். இன்று சலவைத்தூள் விற்கிறவனும் வாக்கு வேட்டை ஆடுகிறவனும் நாவில் வைத்து மழுக்கும் 'ஸ்லோகன்' என்ற சொல் யாருடைய சொத்து என்று வினவினான். 'ஸ்லுவா' என்றால் படை, 'கெரம்' என்றால் கூவல்; மலைமுகட்டில் நின்று குலத்தலைவன் எழுப்பிய படைக்கூவலே தேய்ந்து தேய்ந்து சோப்புக்கட்டியின் உறைமேல் வந்து உட்கார்ந்தது என்று முழங்கினான். பிரிங்கிள் கிறிஸ்துமஸ் தோறும் இருமல் மருந்து என்று சொல்லிக் குடிக்கும் விஸ்கி யாருடையது? 'உஷ்கெ பெஹா', உயிர்நீர் என்று எங்கள் முன்னோர் இட்ட பெயரின் முன்பாதி அது என்றான். அத்தோடு நின்றானா? கீழே குனிந்து பிரிங்கிளின் கால்களைச் சுட்டினான்.

"போட்டிருக்கீங்களே டிரவுசர், அதுவும் எங்க 'ட்ரூவஸ்'தான். மொதல்ல அதக் கழட்டிக் குடுத்துட்டு அப்புறம் என்கூட மூத்தவர் இளையவர் பேச்சப் பேசுங்க, மிஸ்டர் பிரிங்கிள்."

"என் கடைல யாரும் எதையும் கழட்டக் கூடாது" என்றாள் நெட்டா, வெர்னாவின் முன்னால் கோப்பையை வைத்தபடி.

பிரிங்கிள் கலங்கவில்லை. வாயோரத்து வெண்ணெயைக் கைக்குட்டையால் ஒற்றியெடுத்து, அக்கைக்குட்டையை நான்காக மடித்து, மடித்ததைப் பையிலிட்டு, பையை ஒருமுறை தட்டிவிட்டு, அதன் பின்னரே, வகுப்பறையில் நாற்பது ஆண்டு பிள்ளைகளை உறங்க வைத்த அந்தக் குரலை உறையிலிருந்து உருவினான். கிளான், கிளான் என்று மார்தட்டிக்கொண்டு திரிகிறீர்களே, குலத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லாவது உங்களுடையதா என்று கேட்டான். லத்தீன்காரன் நாற்றுக்கு வைத்த பெயர் 'பிளாண்டா'. அதை அயர்லாந்தில் வாங்கி, வாய்க்கு வராத எழுத்தை மாற்றி, பிள்ளைகுட்டிகளுக்குப் பெயராக்கி, அப்படியே குலத்துக்கும் பெயராக்கிக்கொண்டீர்கள் என்றான்.

"உங்க குலமே ஒரு நாத்து, மிஸ்டர் மெக்கிலப். அதுவும் பக்கத்துத் தோட்டத்துல புடுங்கினது."

புண்பட்ட டூகல் உறுமுவதற்குள் அடுத்த கணை பாய்ந்தது. 'புரோக்' என்று காலணியைச் சொல்கிறீர்களே, அது நார்வேக்காரன் இடுப்பில் மாட்டிய கால்சட்டையின் பெயர் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். இடுப்புக்கும் பாதத்துக்கும் வேறுபாடு தெரியாத கூட்டமா எனக்கு மூத்தது என்றான் பிரிங்கிள். இப்படியாக ஒருவன் மற்றவனின் கால்சட்டையைப் பறிக்க, மற்றவன் இவனது காலணியைப் பறிக்க, மழைக்கு ஒதுங்கி நின்ற மீனவர் இருவர் கோப்பையைக் கீழே வைக்காமலே வெளியே போய் நனைவதே மேல் என்று முடிவு செய்தனர்.

"கோப்பை என்னோடது" என்று நெட்டா அவர்கள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

வெர்னா கையை லேசாக உயர்த்தினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல. "ரொம்ப சுவாரசியமா இருக்குங்க. ஆனா எங்கப்பா சொன்ன வார்த்தை..."

"இதோ" என்றான் டூகல். "மிஸ்டர் பிரிங்கிள் சொல்லிடுவாரு."

"மிஸ்டர் மெக்கிலப் சொன்னதும் நான் கூட ரெண்டு விளக்கம் சேத்துச் சொல்றேன்" என்றான் பிரிங்கிள்.

அந்நேரம் சன்னலுக்கு வெளியே, சாம்பல் நிறக் கடலுக்கும் சாம்பல் நிற வானுக்கும் இடையே, சிவப்புப் புகைபோக்கி ஒன்று முனையைச் சுற்றிக்கொண்டு தெரிந்தது. படகு வந்துகொண்டிருந்தது. நெட்டாதான் முதலில் பார்த்தாள்.

"ஐயா மகானுங்களா, படகு வந்துடுச்சு. இந்தப் பொண்ணு எத்தன மைல் தாண்டி வந்திருக்கு தெரியுமா? எனக்குத் தெரிஞ்சா நானே சொல்லியிருப்பேன். சீக்கிரம் சொல்லித் தொலைங்க."

சொன்னார்களா? பழைய புண்களைக் கீறினார்கள். மூன்றாண்டுக்கு முந்தைய ஒரு வியாழனன்று, ஆங்கிலேயன் பிரமாதம் என்பதற்குச் சொல்லும் 'ஸ்மாஷிங்' என்ற சொல், 'அது நல்லது' என்று பொருள்படும் கேலிக் தொடரிலிருந்து பிறந்தது என்று டூகல் சாதித்ததும், அதற்குச் சான்று ஏதும் இல்லை, மதுக்கடையில் பிறந்த கதை அது என்று பிரிங்கிள் ஏழு நூல்களைச் சுமந்து வந்து மூக்கறுத்ததும் இப்போது அவைக்கு வந்தன. ஏராளம் என்பதற்குரிய 'கலோர்' என்ற சொல்லை ஸ்பெயின் நாட்டு மாலுமிகள் கொண்டுவந்தார்கள் என்று பிரிங்கிள் உளறியதும், 'கு லோர்', போதுமான மட்டும், என்ற கேலிக் தொடர்தான் அது என்று டூகல் அவனை மேசையோடு மேசையாக அறைந்ததும் அவைக்கு வந்தன. பிரிங்கிள் தன் தாய்மொழியின் மாணிக்கத்தை எடுத்து வீசினான். திரைநடிகைகளின் மேல் இன்று ஒட்டிக்கிடக்கும் 'கிளாமர்' என்ற கவர்ச்சிச் சொல், இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்பதே எங்கள் ஸ்காட்ஸ் நாவில் மாந்திரீகத்துக்குப் பெயராகித் திரிந்து வந்ததுதான் என்றும், ஆதலால் உலகத்துக் கவர்ச்சிக்கெல்லாம் தாய் இலக்கணமே என்றும் அவன் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னபோது, அவனுடைய மூக்குநுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. மாந்திரீகம் ஒன்றும் பலிக்கவில்லை.

வெர்னா இப்போது நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தேநீரை அவள் தொடவில்லை. "ஐயா, விளக்கமெல்லாம் வேணாம். எங்கருந்து வந்ததுன்னும் வேணாம். நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா, அவ்வளவுதான். வாயால சொல்லக்கூட வேணாம். நல்லதுன்னா ஒரு தடவ தலைய ஆட்டுங்க. அது போதும் எனக்கு."

இதைக் கேட்டதும் போர்க்களம் உறைந்தது. தலையசைப்பு என்பது பொருள் உரைத்தல் ஆகுமா, ஆகாதா? உரைத்தல் ஆகும் என்றால், முதலில் அசைந்த தலை இளையவன் தலை. இக்கேள்வி கழகத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக எழுந்தது; விதியை எழுதியவர்கள் இப்படியொரு சதியை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஆகவே இரு வீரரும் ஒரே நொடியில் கழுத்தை விறைத்துக்கொண்டார்கள். தப்பித்தவறி அசைந்துவிடப் போகிறதே என்று டூகல் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தான். பிரிங்கிள் கண் இமைப்பதையும் நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் செம்மறிக்கடாவை வெறித்தான். மேட்டுநிலமும் தாழ்நிலமும் தோன்றிய நாள் முதல் ஒன்றாகச் செய்யாத ஒரு காரியத்தை அன்று ஒன்றாகச் செய்தன. வேண்டாத இடத்தில்தான் இவர்களுக்கு ஒற்றுமை வரும்.

வெர்னா முதலில் டூகலின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரிங்கிளின் முகத்தை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

படகு ஊதியது. வயிற்றுக்குள்ளே இறங்கும் ஊதல் அது. தேநீர்க்கடையின் கரண்டிகள் எல்லாம் அதற்கு ஒருமுறை நடுங்கும். அவள் எழுந்து கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். போடும்போதே, யாரையும் பார்க்காமல், அமைதியான குரலில் பேசினாள்.

"பரவாயில்லங்க. எனக்குப் புரிஞ்சுடுச்சு. பெரிய மனுசங்க, ஒரு பொம்பளை முன்னாடி அத வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுறீங்க. நானும் உள்ளுக்குள்ள அப்படித்தான் நெனச்சிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்கப்புறம் அவரு என்னை வேற என்ன சொல்லியிருக்கப் போறாரு? கடைசி வரைக்கும் மனசுல வச்சிருந்திருக்காரு. இருக்கட்டும். நீங்க மரியாதையா நடந்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி."

அவள் அப்படிச் சொன்னபோது ஒருவன் வாயிலாவது ஒரு சொல் வந்திருக்க வேண்டும். நாய்க்குக்கூட வந்திருக்கும். டூகலின் உதடு பிரிந்ததை நெட்டா கண்டாள். பிரிங்கிளின் உதடும் பிரிந்தது. ஆனால் டூகல் பிரிங்கிளைக் கடைக்கண்ணால் பார்த்தான், பிரிங்கிள் டூகலைக் கடைக்கண்ணால் பார்த்தான், மற்றவன் திறக்கப்போகிறான், இதோ திறக்கிறான், இன்னும் ஒரே நொடி பொறுத்தால் அவன் இளையவன் ஆகிவிடுவான் என்ற பேராசை இருவர் நெஞ்சிலும் ஒருசேர எரிந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு இருவரும் எழுந்து நின்று, தொப்பியை எடுத்து மார்பில் வைத்து, ஒரு பெண்மணி விடைபெறும்போது காட்ட வேண்டிய மரியாதையில் அணுவளவும் குறையாமல் காட்டினார்கள்.

நெட்டா மட்டும் குடையை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினாள். "நில்லு கண்ணு, அப்படியெல்லாம் இருக்காது, இவனுங்க கெடக்கானுங்க..." என்று சொல்லிக்கொண்டே படகின் படிப்பலகை வரை போனாள். ஆனால் அப்படி இருக்காது என்பதற்கு அவளிடம் என்ன ஆதாரம்? அவளுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. வெர்னா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு மேலே ஏறிப்போனாள். மழையில் மேல்தளத்தில் யாரும் நிற்கவில்லை. அவளும் உள்ளே போய்விட்டாள். நெட்டா குடையை மடக்கிக்கொண்டு முழுக்க நனைந்து திரும்பி வந்தாள்.

தேநீர்க்கடையிலோ வெற்றிவிழா நடந்துகொண்டிருந்தது. பெரும்போரில் வென்றவன் யார்? இருவரும்! மாற்றான் கடைசிவரை வாய் திறக்கவில்லை, ஆகவே அவனுக்குப் பொருள் தெரியாது என்பது ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டது என்று டூகல் தன் உள்ளத்தே முடிசூட்டிக்கொண்டான். அதே முடிவை, அதே நொடியில், அதே சொற்களால் பிரிங்கிளும் எட்டி, மறந்து கிடந்த ஸ்கோனின் மறுபாதிக்கு வெற்றித்திலகமாக வெண்ணெய் இட்டான். அந்தப் பெண்ணின் முகவரியை யாராவது வாங்கியிருக்கலாம் என்ற எண்ணம் படகு முனையைத் தாண்டிய பிறகு டூகலுக்கு வந்தது. பிரிங்கிள் கேட்டிருப்பான் என்று நினைத்ததாகச் சொன்னான். பிரிங்கிளும் அதையேதான் சொன்னான்.

நெட்டா தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவர்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கோபத்தில் அவள் குரல் உயரவில்லை, தாழ்ந்துதான் போயிற்று.

"சரி. போயிட்டா. அவங்கப்பன் சாகும்போதும் தன்னைத் திட்டினான்னு நெனச்சுக்கிட்டுப் போறா. இனிமே காலத்துக்கும் அப்படித்தான் நெனைப்பா. இப்பவாவது எனக்குச் சொல்லுங்க, என்னய்யா அந்த வார்த்தைக்கு அர்த்தம்?"

டூகல் மெக்கிலப் என்னும் அகராதியாழி கடைந்த அருந்திறலோன் தன் புகைக்குழாயைப் பிரிங்கிளின் பக்கம் நீட்டினான். நினியன் பிரிங்கிள் என்னும் லத்தீன்மலை சுமந்த தோளுடையோன் தன் வெண்ணெய்க் கத்தியை டூகலின் பக்கம் நீட்டினான்.

மேட்டல் என்றால் 'என் தங்கமே' என்று அர்த்தம்.